நாற்பதாம் நம்பர் நூலும் என் பஞ்சாபியும்

நூல் வியாபாரத்தில் பாதி வேலை நூலை அனுப்புவது. மீதிப் பாதி, இன்னும் அனுப்பாத நூலைப் பற்றிப் போனில் பேசுவது. அந்த இரண்டாவது பாதிக்காகத்தான் ராஜபாளையத்து நூற்பாலை ஒன்றின் அலுவலகத்தில் என்னை வேலைக்கு எடுத்தார்கள். எங்கள் வீட்டில் கல்லூரிக்குப் போன முதல் ஆள் நான். போன் அடித்தாலே அதைப் பக்கத்தில் இருப்பவரிடம் நீட்டிவிடுகிறவர்கள் உங்களிலும் இருப்பார்கள். அந்தப் போன் தெரியாத மொழியில் அடித்தால் எப்படி இருக்கும் என்பது உங்களுக்குச் சொல்லாமலே விளங்கும்.

ஆறு மாதக் கெடு

எனக்கு முன்னால் அந்த மேஜையில் இருந்தவருக்கு இந்தி தெரியும். அவர் கோயம்புத்தூருக்குப் போய்விட்டார். அவர் பார்த்துக்கொண்டிருந்த, நூல் வாங்கும் வடநாட்டு பார்ட்டிகளில் பெரும்பாலானவர்கள் ஆங்கிலத்தில் மெயில் அனுப்புகிறவர்கள். ஒருவர் மட்டும் அப்படி இல்லை. லூதியானாவில் வீட்டோடு பன்னிரண்டு பின்னல் இயந்திரங்கள் போட்டுப் பள்ளிக்கூடச் சீருடைக்கு டி-ஷர்ட் தைக்கும் குர்மீத் கௌர் என்ற அம்மா. கணவர் காலத்திலிருந்தே ஏஜென்ட் இல்லாமல் நேரே எங்கள் மில்லில் நூல் வாங்குகிறவர். இதுவரை அவருடைய மகன்தான் இந்தியில் பேசி வந்தான். அவனும் கனடாவுக்குப் போய்விட, இப்போது அந்த அம்மாவே போனில் வருகிறார். பஞ்சாபியில்தான் வருகிறார்.

எனக்கு இந்தியும் தெரியாது என்று நேர்முகத்திலேயே சொல்லியிருந்தேன். அதனால் ஒன்றுமில்லை, எப்படியும் ஒன்றைப் புதிதாகக் கற்கத்தானே போகிறாய், நேரே பஞ்சாபியையே கற்றுக்கொள் என்றார் மேனேஜர். ஆறு மாதம் பயிற்சிக் காலம். மார்ச் கடைசியில் அந்த அம்மாவிடம் நான் துணையில்லாமல் பேசினால் வேலை நிரந்தரம். இல்லையென்றால் வேறு ஆள். என் அம்மா அதே மில்லில், நூலைக் கோனில் சுற்றும் வைண்டிங் பிரிவில் இருபது வருடமாக நின்று வேலை பார்க்கிறது. மகள் ஆபீசில் உட்கார்ந்திருக்கிறாள் என்று அதன் வரிசையில் நிற்கிற எல்லோருக்கும் தெரியும். நான் தலையாட்டினேன். எதற்காக இவ்வளவு சிரமம், ஆங்கிலத்தில் எழுதி அனுப்பி யாரையாவது படித்துச் சொல்லச் சொல்லலாமே என்று மட்டும் தயங்கித் தயங்கிக் கேட்டேன்.

"இங்கிலீசுல சொன்னா அந்தம்மா நம்பாதும்மா. அது பாஷையில சொன்னாத்தான் நம்பும்" என்றார்.

பேருந்தில்

ஸ்ரீவில்லிபுத்தூரிலிருந்து ராஜபாளையத்துக்குப் பேருந்தில் அரை மணி நேரம் ஆகும். போகும்போது அரை மணி, வரும்போது அரை மணி. இதுதான் என் பள்ளிக்கூடம். காதில் ஒயரை மாட்டி, போனில் ஓடும் பாடத்தைக் கேட்டு, கண்ணை மூடிக்கொண்டு வாய்க்குள்ளேயே சொல்லிப் பார்ப்பேன். இக், தோ, தின், சார், பஞ்ச், சே, சத், அட். கண்ணைத் திறந்தால் மறந்துவிடும் என்ற பயத்தில் மூடியே வைத்திருப்பேன்.

ஒருநாள் பக்கத்தில் உட்கார்ந்திருந்த ஒரு அக்கா என்னையே பார்த்துக்கொண்டு வந்தார். என் கழுத்தில் இருந்த சிலுவையையும் பார்த்திருக்கிறார். நான் ஐம்பது வரைக்கும் போய்த் திரும்ப ஒன்றிலிருந்து தொடங்கியபோது மெதுவாக என் கையைத் தொட்டார். ஒயரைக் கழற்றினேன்.

"எந்தச் சபைம்மா நீ? எங்க சபையிலயும் ஜெபத்துல அந்நிய பாஷை பேசுவாக. ஆனா இப்பிடித் திரும்பத் திரும்ப ஒண்ணையே பேச மாட்டாக."

முதல் போன்

இரண்டு மாதம் கழித்து மேனேஜர் குர்மீத் அம்மாவின் எண்ணை அழுத்தி ரிசீவரை என் கையில் கொடுத்தார். எனக்கு முன்னால் ஒரு தாள். அதில் வணக்கம், என் பெயர் எஸ்தர், நான் புது ஆள், எத்தனை மூட்டை வேண்டும், எந்த நம்பர் நூல், லாரி எப்போது கிளம்பும் என்று ஒன்பது வாக்கியங்களைத் தமிழ் எழுத்தில் எழுதி வைத்திருந்தேன். "சத் ஸ்ரீ அகால் ஜி" என்று வணக்கம் சொல்லித் தொடங்கி மூச்சு விடாமல் ஒன்பதையும் படித்து முடித்துவிட்டேன். அந்த அம்மா உடனே ரிசீவரை விலக்கி வீட்டில் இருந்த எல்லோரையும் கூப்பிட்டார். இயந்திரங்கள் ஒவ்வொன்றாக நிற்பது எனக்குக் கேட்டது.

அப்புறம் அவர் கேட்கத் தொடங்கினார். சாப்பிட்டாயா, உன் ஊர் எது, அங்கே மழை உண்டா, அப்பா என்ன செய்கிறார், அம்மா என்ன செய்கிறார். இதில் ஒன்றுக்கும் என் தாளில் பதில் இல்லை. "ஹௌலி போலோ ஜி", மெதுவாகப் பேசுங்கள் என்று கெஞ்சினேன். அவர் மெதுவாக, குழந்தைக்குச் சோறு ஊட்டுவது போல ஒவ்வொரு சொல்லாகக் கேட்டார். அப்பா இறந்துவிட்டார், அம்மா இந்த மில்லில்தான் இருக்கிறது, நின்று நின்று அதற்கு முட்டி வலி என்பதைச் சொல்ல எனக்குக் கால் மணி நேரம் ஆனது. நூலைப் பற்றிய கேள்விக்கு நான் திரும்ப வந்தபோது அவர் சொன்னது எனக்குப் புரிந்த அளவில் இதுதான்: "நூலு எங்கே போயிடும் மகளே, அதை நாளைக்குப் பேசலாம். இன்னைக்கு நீ யாருன்னு தெரிஞ்சுக்கிட்டேன்ல, அது போதும்."

முருகேசன் அண்ணன் கற்ற மொழி

எங்கள் மில்லில் லாரிக்கு மூட்டை ஏற்றும் குழுவுக்கு முருகேசன் அண்ணன்தான் தலைவர். நான் பஞ்சாபி படிப்பது தெரிந்ததும், பஞ்சாபிலிருந்து வரும் டிரைவர்களிடம் பேச ஒரே ஒரு வாக்கியம் சொல்லித் தரும்படி கேட்டார். ஒன்றுக்கு மேல் வேண்டாம், மனசில் நிற்காது என்றார். "சா பீ லவோ ஜி" என்று சொல்லிக் கொடுத்தேன். டீ குடியுங்கள் என்று அர்த்தம்.

அதற்குப் பிறகு வண்டி தாமதமானாலும், பில் தயாராகாவிட்டாலும், பூட்டிய கோடவுனின் சாவி கிடைக்காவிட்டாலும் டிரைவர்களிடம் அதையே சொன்னார். அவர்களும் கேண்டீனுக்குப் போய் உட்கார்ந்துகொண்டார்கள். ஒரு டிரைவர் நான்கு டீ குடித்துவிட்டு ஐந்தாவதை வேண்டாம் என்று கும்பிட்டதை ஆபீஸ் ஜன்னலிலிருந்து நானே பார்த்தேன். அன்று மாலை அண்ணன் என் மேஜைக்கு வந்து நின்றார்.

"நீ ஆறு மாசம் படிக்கப் போறதை நான் ஒரு டீயில முடிச்சிட்டேன், பாத்தியா."

வரும்

பிப்ரவரியில் குர்மீத் அம்மா டி-ஷர்ட் துணிக்கு நாற்பதாம் நம்பர் நூலில் இருபது மூட்டை கேட்டார்; நம்பர் என்பது நூல் எவ்வளவு மெல்லிசு என்ற கணக்கு. இரண்டு பள்ளிக்கூடங்களின் ஆர்டர் அவர் கையில் இருந்தது. அங்கே ஏப்ரல் முதல் வாரம் பள்ளி திறந்துவிடும். அதற்குள் பின்னி, சாயம் போட்டு, தைத்துக் கொடுத்தாக வேண்டும். தவறினால் அந்தப் பள்ளிகள் அடுத்த வருடம் அவர் வீட்டு வாசலுக்கே வராது என்றார். இதை நான் மேனேஜரிடம் ஒரு வார்த்தை விடாமல் சொன்னேன். "வரும்னு சொல்லு" என்றார் அவர்.

எங்கள் பக்கத்தில் 'இல்லை' என்று லேசில் வாயில் எடுக்க மாட்டோம். வீட்டில் உப்புத் தீர்ந்தால், "உப்பு வாங்கணும்" என்றுதான் அம்மா சொல்லும். கடையில் சீயக்காய் கேட்டால், மாதக் கணக்கில் வராத சரக்காக இருந்தாலும் "வரணும்" என்பார் கடைக்காரர். கேட்டவருக்கும் அது விளங்கும். பேசாமல் அடுத்த கடைக்குப் போய்விடுவார். இதில் யாரும் யாரையும் ஏமாற்றுவதில்லை. அதனால் "தாகா ஆ ஜாவேகா ஜி", நூல் வந்துவிடும் என்று நான் பஞ்சாபியில் சொன்னபோது என் மனசில் எந்தக் குறுகுறுப்பும் இருக்கவில்லை. வினைச்சொல்லைச் சரியாகச் சொன்னேனா என்பதுதான் என் கவலை. அடுத்த வாரம் மறுபடி கேட்டார். மறுபடி அதையே சொன்னேன். இந்த முறை தேதி ஏதும் வேண்டாமா என்று நானே கேட்டேன்.

"தேதி எதுக்கு? நீ சொல்லிட்டேல்ல" என்றார்.

அம்மாவுக்குத் தெரிந்தது

ஒரு ஞாயிற்றுக்கிழமை கோயிலில் ஆராதனை முடிந்து திரும்பி, அம்மா மீன் கழுவிக்கொண்டிருந்தது. பேச்சோடு பேச்சாக, இந்த நாற்பதாம் நம்பர் ஏன் இப்படித் தாமதமாகிறது, உங்கள் பக்கம் கோன் சுற்ற ஆள் குறைவா என்று கேட்டேன். அம்மா கத்தியைக் கீழே வைத்துவிட்டு என்னைப் பார்த்தது.

"ஏட்டி, நாப்பதாம் நம்பர் ஓடுன நாலு பிரேம் மிஷினையும் பொங்கலுக்குப் பொறவே அறுபதாம் நம்பருக்கு மாத்தியாச்சே. ஏதோ வெளிநாட்டு ஆர்டராம், ஜூன் வரைக்கும் அதுதான் ஓடுமாம். நாப்பது எங்கேருந்து வரும்?"

மேனேஜரிடம்

திங்கட்கிழமை கேட்டேன். கேட்பதற்கு முன் தண்ணீர் குடிக்க இரண்டு முறை எழுந்து போனேன். மேனேஜர் கெட்டவர் அல்ல. என் அப்பா இறந்த வருடம் அம்மாவுக்கு இரவு ஷிப்டை மாற்றிப் பகல் கொடுத்தவர் அவர்தான். கோபப்படாமல் எனக்கு விளக்கினார். பெரிய ஆர்டர் திடீரென்று குறைந்தால் இரண்டு பிரேமைத் திருப்பிவிடலாம், அப்போது இருபது மூட்டை ஒரு விஷயமே இல்லை. குறையாவிட்டால் அந்த அம்மா தானாகப் புரிந்துகொண்டு வேறு இடம் பார்த்துக்கொள்வார். இல்லை என்று சொன்னால் பார்ட்டி அன்றைக்கே போய்விடும். வரும் என்றால் அடுத்த வருடமும் நம்மிடம் வரும். தன் முதலாளியும் முதலாளியின் அப்பாவும் இப்படித்தான் தொழில் பண்ணினார்கள் என்றார். பிறகு, மார்ச் கடைசியில் என்னை நிரந்தரமாக்கும் பேப்பர் அவர் கைக்குத்தான் வரும் என்பதையும் சாதாரணமாகச் சொன்னார்.

இதற்கு மேல் எழுதுவது எனக்குக் கஷ்டமாக இருக்கிறது. ஆனால் விட்டுவிட்டால் மீதி எல்லாம் பொய்யாகிவிடும். உண்மை தெரிந்த பிறகும் நான் மூன்று முறை குர்மீத் அம்மாவிடம் நூல் வரும் என்று சொன்னேன். அப்போது என் பஞ்சாபி நன்றாக இருந்தது. தாள் தேவைப்படவில்லை. இடையில் அவர் சிரிக்கும்படி ஒரு பேச்சும் பேசத் தெரிந்தது. மூன்றாவது முறை போனை வைத்ததும் மேனேஜர் தன் மேஜையிலிருந்தே முருகேசன் அண்ணனிடம் என்னைக் காட்டினார்.

"பாத்தியா, தாய்ப் பாஷை கணக்காப் பேசுது."

ஒரு படம், ஒரு குரல்

ஹோலி முடிந்த மறுநாள், வியாழக்கிழமை மாலை, குர்மீத் அம்மா என் வாட்ஸ்அப்புக்கு ஒரு படம் அனுப்பினார். பின்னிய காலர்கள் கட்டுக் கட்டாக, சுவரில் பாதி உயரத்துக்கு. பக்கத்தில் பட்டன் பாக்கெட்டுகள். டி-ஷர்ட்டுக்கு வேண்டிய எல்லாம் இருந்தது, துணி மட்டும் இல்லை. காலர்களுக்கு முன்னால் இரண்டு ஆண்கள் பெஞ்சில் உட்கார்ந்திருந்தார்கள். ஒருவர் கன்னத்தில் கொஞ்சம் சிவப்புப் பொடி. இருவரும் சிரிக்கவில்லை. படம் எடுக்கும்போது எப்படி இருக்க வேண்டும் என்று தெரியாதவர்கள் போலக் கையைத் தொடையில் வைத்துக்கொண்டு இருந்தார்கள்.

கூடவே ஒரு குரல் பதிவும் வந்திருந்தது. அதைப் பேருந்தில் கேட்டேன். புரியவில்லை என்று நானே நம்ப விரும்பி இன்னொரு தடவை போட்டேன். ஒவ்வொரு சொல்லும் புரிந்தது.

"இவங்க ரெண்டு பேரும் பீகார்லேருந்து வந்த தையக்காரங்க. ஹோலிக்கு ஊருக்குப் போகணும்னாங்க. நூல் வந்துடும்னு ராஜபாளையத்துப் பொண்ணு சொல்லியிருக்கா, அதனால நான்தான் இவங்களை நிறுத்தி வச்சிருக்கேன்."

வெள்ளிக்கிழமை

எங்கள் ஆபீசில் வெள்ளிக்கிழமை காலை சாமி படத்துக்குப் பூ வைத்துச் சாம்பிராணி போடுவார்கள். முதல் ஆர்டர் பேசி முடியும் வரை ஒருவரும் அந்த 'இல்லை'யைச் சொல்லக் கூடாது. ஸ்டேப்ளர் பின் இருக்கிறதா என்று கேட்டால்கூட "வாங்கணும்" என்றுதான் பதில். என் வேதம் வேறானாலும் நானும் அதை மீறியதில்லை. மதியத்துக்கு மேல் நானாக லூதியானாவுக்குப் போன் போட வேண்டும் என்று இரவெல்லாம் முடிவு செய்து வைத்திருந்தேன். ஆனால் சாம்பிராணிப் புகை அடங்குவதற்குள் அவரே கூப்பிட்டுவிட்டார். அன்றைக்கு அதுதான் முதல் போன். மேனேஜர் எனக்கு எதிரே நாலு எட்டுத் தூரத்தில் இருந்தார்.

உன் அம்மாவின் முட்டி வலி எப்படி இருக்கிறது, நல்லெண்ணெய் காய்ச்சித் தேய்க்கச் சொன்னேனே, தேய்த்தாளா என்று கேட்டார். ஆமாம் என்றேன். அப்புறம் நூல் என்றார். "தாகா நஹீ ஆவேகா ஜி" என்றேன். நூல் வராது. எனக்கே என் குரல் சத்தமாகக் கேட்டது. மேனேஜர் நிமிர்ந்தார். அவருக்குப் பஞ்சாபி தெரியாது, ஆனால் அந்த 'நஹீ' நாட்டில் எல்லோருக்கும் தெரிந்ததுதானே. இயந்திரங்கள் வேறு நம்பருக்குப் போய்விட்டன, ஜூன் வரை திரும்பாது, இன்றைக்கே வேறு இடத்தில் கேளுங்கள் என்று எனக்குத் தெரிந்த எளிய சொற்களில் சொன்னேன். அவர் திட்டவில்லை. எப்போதிலிருந்து உனக்குத் தெரியும் என்று கேட்டார். இரண்டு நாள் என்று சொல்லியிருக்கலாம். விரல் மடக்கி எண்ணிப் பார்த்துவிட்டு, பத்தொன்பது நாள் என்றேன்.

அந்தப் பக்கம் இயந்திரச் சத்தம் ஏதும் இல்லை. ஓட்டுவதற்குத்தான் நூல் இல்லையே. அவர் அடுத்துக் கேட்டதை என்னால் இப்போதும் அதே வரிசையில் சொல்ல முடியும்.

"பத்தொன்பது நாளைக்கு முன்னாடி இந்த வார்த்தை உனக்குத் தெரியாதா, மகளே?"

மார்ச் கடைசி

பத்து நாள் கழித்து, மேனேஜர் சாப்பிடப் போன நேரத்தில், மன்னிப்புக் கேட்க நானே கூப்பிட்டேன். எடுத்தார். திருப்பூரில் ஒருவரிடம் எட்டு மூட்டை கிடைத்ததாம். ஒரு பள்ளிக்கு அது போதும். இன்னொரு பள்ளிக்கு அவரே நடந்து போய், முடியாது என்று சொல்லிவிட்டு வந்தாராம். தையல்காரர்களில் ஒருவர் ஊருக்குப் போய்விட்டார், திரும்புவாரா என்று தெரியவில்லை. ஒரு வியாபாரி இன்னொரு வியாபாரிக்குக் கணக்குச் சொல்வது போல எல்லாவற்றையும் ஒழுங்காகச் சொன்னார். மன்னிப்புக் கேட்டேன். சரி என்றார். அன்றைக்கு என் அம்மாவின் முட்டி வலியைப் பற்றி அவர் கேட்கவில்லை. அதற்குப் பிறகு எங்கள் மில்லுக்கு அவர் எண்ணிலிருந்து போன் வரவில்லை.

அந்த வெள்ளிக்கிழமை பற்றி மேனேஜர் என்னிடம் ஒரு கேள்வியும் கேட்கவில்லை. அதுவே எனக்குப் பெரிய பயமாக இருந்தது. வீட்டில் அம்மாவிடம் எல்லாவற்றையும் சொல்லியிருந்தேன். வேலை போனால் போகுது என்று அது சொல்லவில்லை. அப்படிச் சொல்லக்கூடிய நிலையில் நாங்கள் இல்லை. நான் சொன்ன அன்னைக்கே நீ சொல்லியிருக்கலாம்லா என்று மட்டும் கேட்டுவிட்டு, விளக்குமாற்றை எடுத்துக்கொண்டு வாசலுக்குப் போய்விட்டது. மார்ச் முப்பத்தொன்றாம் தேதி மேனேஜர் என்னைக் கூப்பிட்டுக் கவரைக் கொடுத்தார். நிரந்தரம் இல்லை, நீக்கமும் இல்லை. பயிற்சிக் காலம் இன்னும் ஆறு மாதம் நீட்டிப்பு. நான் நின்றுகொண்டே படித்து முடிக்கும் வரை காத்திருந்துவிட்டுச் சொன்னார்:

"பாஷை ஒனக்கு நல்லா வந்திருச்சும்மா. யாவாரந்தான் இன்னும் வரல."

ஆக, நான் பஞ்சாபி கற்றுக்கொண்டேன் என்பதில் எங்கள் ஆபீசில் இப்போது ஒருவருக்கும் சந்தேகமில்லை. அதில் என்னோடு பேசத்தான் ஆள் இல்லை.